கடன் இப்போ யார் பக்கம்?

கேம்பஸில் கொமர்ஸ், மெனேஜ்மென்ட் செய்கிறவர்களுக்கு கடைசி வருடங்களில் ஒரு பாடம் வரும். இடத்துக்கு இடம் பெயர் கொஞ்சம் மாறும். தமிழில் ‘நிதிக் கணக்கீட்டின் சமகாலப் பிரச்சினைகள்’ என்று சொல்லலாம். சீனியர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில்தான் வரும்: “கணக்கே இல்லாத கணக்குப் பாடம் மச்சான். எல்லாம் தியரி. பாடமாக்கிட்டுப் போய் எழுது, அவ்வளவுதான்.”

உயர்தரத்தில் கணக்கீடு படித்தபோது பற்றும் வரவும் சமப்பட்டால் விடை சரி. அந்த நிம்மதி இந்தப் பாடத்தில் கிடையாது. சொத்து என்றால் என்ன, அதை எந்த விலையில் காட்டுவது, யாருக்காகக் காட்டுவது, விதியை யார் எழுதினார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. உதாரணம் எல்லாம் அமெரிக்க கம்பனி, ஐரோப்பிய வங்கி, விமானக் குத்தகை. நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுவது இயல்பு.

நான் சொல்ல வருவது இதுதான்: நோட்டன் பிரிட்ஜ் மாதிரி ஒரு ஊரிலிருந்து போகிற பிள்ளைக்கு, முழு டிகிரியிலும் இதைவிட சொந்த ஊர்ப் பாடம் வேறு இல்லை. அந்தப் பாடத்தின் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு உதாரணம் நம்ம மலையிலேயே நிற்கிறது.

முதல் உதாரணம், தேயிலைச் செடி.

நோட்டன் பிரிட்ஜ் என்றால் வெளியாட்களுக்கு அணைக்கட்டும் விமலசுரேந்திர மின் நிலையமும்தான் ஞாபகம் வரும். காசல்ரீ தண்ணீர் சுரங்க வழியாக வந்து, 1965 முதல் அங்கே டர்பைனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே, சுற்றிலும், தேயிலை. பார்க்கிறவனுக்கு ஒன்று இயந்திரம், மற்றது செடி. கணக்கீட்டு நியமத்தைக் கேட்டால் இரண்டும் ஒரே இனம். 2016 ஜனவரி 1க்குப் பிறகு தேயிலைச் செடி, ஆதனம் பொறி உபகரணம் பற்றிய எல்.கே.ஏ.எஸ். 16க்குள் வந்துவிட்டது. டர்பைனுக்கும் அதே நியமம்தான்.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. உயிருள்ள செடி, மிருகம் எல்லாமே ‘உயிரியல் சொத்து’. எல்.கே.ஏ.எஸ். 41 என்ற விவசாய நியமத்தின்படி, வருடா வருடம் அவற்றை நியாயப் பெறுமதியில் மதிப்பிட்டு, கூடினால் இலாபம், குறைந்தால் நட்டம் என்று எழுத வேண்டும். சர்வதேச நியமங்களை இலங்கை 2012இல் முழுதாக ஏற்றுக்கொண்டபோது தோட்டக் கம்பனிகள் திணறின. நின்றுகொண்டிருக்கும் தேயிலைச் செடியை யார் சந்தையில் விற்கிறார்கள், விலை தெரிய? அந்த வருடமே பட்டயக் கணக்காளர் நிறுவனம், செடியைக் கிரயத்திலேயே காட்டலாம் என்று இடம் கொடுத்தது. உலக மட்டத்திலும் இதே சத்தம் எழுந்தது. மலேசியக் கணக்கீட்டு நியமச் சபை செம்பனையை முன்வைத்து முன்னணியில் நின்றது. கடைசியில் 2014இல் சர்வதேசச் சபை விதியையே மாற்றியது. காய்க்கும் செடி ஒரு தொழிற்சாலை மாதிரி, அதில் விளைவது மட்டும்தான் உயிரியல் சொத்து என்று ஆனது.

ஆக, செடி இயந்திரம், கொழுந்து விளைச்சல். வருடக் கடைசி நாளில் செடியில் நிற்கிற, இன்னும் பறிக்காத கொழுந்துக்கும் ஒரு பெறுமதி போட வேண்டும். கொழுந்துச் சுற்றில் பாதி என்று கணக்குவைத்து மூன்று நாள் கொழுந்தை எடுத்துக்கொள்கிற கம்பனிகள் உண்டு. பச்சைக் கொழுந்து விலையில் இருந்து பறிக்கும் செலவையும் ஏற்றும் செலவையும் கழித்தால் வருவது அந்தப் பெறுமதி. கவனியுங்கள். அம்மாவோட கை அந்தக் கணக்குக்குள் வருகிறது, ஆனா கழித்தல் குறியோடு வருகிறது.

இதில் எந்த முறை சரி? இதுதான் அந்தப் பாடத்தின் கேள்வி. நியாயப் பெறுமதி என்றால் இன்னும் முப்பது வருடத்துக்குத் தேயிலை விலை, சம்பளம், வட்டி எல்லாவற்றையும் ஊகிக்க வேண்டும். கிரயம் என்றால் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை புத்தகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். மலையில் மட்டும் இன்னும் கொழுந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். எந்த முறையை எடுத்தாலும் அந்த வருட இலாபம் வேறு மாதிரித் தெரியும். இலாபம் வேறு மாதிரித் தெரிந்தால் சம்பளப் பேச்சுவார்த்தையும் வேறு மாதிரிப் போகும். தியரி என்று நாம் தள்ளிவைப்பது, இன்னொரு பக்கத்தில் ஒரு வீட்டின் சோறாக இருக்கிறது.

இரண்டாவது உதாரணம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. சர்வீஸ் பணம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் சொல்வது சுருக்கமானது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்த தொழிலாளி விலகும்போது, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது வருடம் மலையேறிய ஒரு அம்மா. 14 தர முப்பது, 420 நாள். 2019இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அப்போ விலகியிருந்தால் 294,000 ரூபா. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. அதே 420 நாளுக்கு 567,000 ரூபா. சம்பளம் கூடிய அந்த ஒரு நாளில் கம்பனி இன்றைய வேலைக்கு மட்டும் கூடக் கொடுக்கவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்து 14 நாளுக்கும் விலை கூடுகிறது. கடந்து போன முப்பது வருடமும் புது விலைக்கு வந்துவிடுகிறது.

சம்பள உயர்வு என்றதும் கம்பனிகள் ஏன் இவ்வளவு பதறுகின்றன என்பதற்கு இது ஒரு காரணம். அதே சமயம், இந்தத் தொகைக்குக் கணக்கீட்டில் ஒரு பெயர் இருக்கிறது: பொறுப்பு. இன்னொருத்தருக்குக் கொடுக்க வேண்டிய கடன். ஐந்தொகையில் வங்கிக் கடன் இருக்கிற அதே பக்கத்தில், ஓய்வுகால நன்மைப் பொறுப்பு என்ற பெயரில், தொழிலாளியின் சர்வீஸ் பணம் உட்கார்ந்திருக்கிறது. வங்கி எப்படிக் கடன்கொடுத்தவரோ, கொழுந்து பறிக்கிற அம்மாவும் அப்படித்தான். கம்பனி அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஒரே ஒரு வித்தியாசம். வங்கி தன் கடனுக்கு அடமானம் வாங்கி வைத்திருக்கும். பணிக்கொடைக் குறிப்பைத் திறந்தால், இந்தப் பொறுப்புக்கு வெளியே நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை என்ற ஒற்றை வரியைத் தோட்டக் கம்பனிகளின் அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கலாம். பணம் தனியாக எங்கேயும் எடுத்து வைக்கப்படவில்லை என்று அர்த்தம். விலகும் நாளில் கம்பனியின் கையில் காசு இருந்தால் கிடைக்கும். அரச தோட்டங்களில் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப்., பணிக்கொடை நிலுவைகள் எத்தனை முறை செய்தியாகியிருக்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல.

இந்தக் கடனின் அளவை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். எல்.கே.ஏ.எஸ். 19 என்ற நியமம், எதிர்காலத்தில் கொடுக்கப்போகிற பணத்தை இன்றைய பெறுமதிக்குக் கழித்துக் காட்டச் சொல்கிறது. இதற்கு ஒரு கழிவு வீதம் வேண்டும். தரமான கம்பனி முறிகளுக்கு ஆழமான சந்தை இல்லாத நாட்டில் அரச முறியின் வட்டியை எடுப்பார்கள். பத்து வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய 567,000 ரூபாவை 10 சதவீதத்தில் கழித்தால் இன்று சுமார் 218,600. அதையே 20 சதவீதத்தில் கழித்தால் சுமார் 91,600. ஒரு ரூபாகூடக் கொடுக்காமல் கடன் பாதிக்கும் கீழே போய்விட்டது.

இது கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 2022இல் நாடு வங்குரோத்தானபோது திறைசேரி உண்டியல் வட்டி 30 சதவீதத்தையே தாண்டியது. நீண்டகால முறிகளின் வட்டியும் 20க்கு மேலே போனது. பருப்பும் மாவும் வாங்க முடியாமல் லயத்தில் வீடுகள் தவித்த அதே மாதங்களில், அதே வீடுகளுக்குச் சேர வேண்டிய பணத்தின் ‘இன்றைய பெறுமதி’யைக் கீழே இழுக்கும் வட்டி மேலே போய்க்கொண்டிருந்தது. சம்பளம் எவ்வளவு கூடும் என்ற ஊகத்தையும் அக்சுவரி சேர்த்துத்தான் போடுவார், அது எதிர்ப்பக்கம் இழுக்கும். எது எவ்வளவு இழுத்தது? பதில் குறிப்பிலேயே இருக்கும். கழிவு வீதம் ஒரு சதவீதம் மாறினால், சம்பள உயர்வு ஒரு சதவீதம் மாறினால் பொறுப்பு எவ்வளவு மாறும் என்று அட்டவணை போடுகிறார்கள். வாசிக்க ஆள்தான் வேணும்.

மூன்றாவது உதாரணம் சம்பளப் போராட்டமே.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபா வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தமும் அதோடு நின்றுபோனது. 2024இல் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் 1350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபா, அதோடு அரசாங்கம் தருகிற 200 ரூபா வருகைக் கொடுப்பனவு என்று அறிவித்தார்கள். இத்தனை சுற்றிலும் ஒரு பக்கம் “கம்பனிக்குக் கட்டாது”, மறு பக்கம் “கோடிக் கணக்கில் இலாபம்”. இரண்டு பேரும் காட்டுவது அதே நிதிக்கூற்றைத்தான்.

ரொஸ் வொட்ஸ், ஜெரோல்ட் சிம்மர்மன் என்ற இரண்டு பேர் 1978இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் பாடத்தில் கட்டாயம் வரும். அரசாங்கத்தின், பொதுமக்களின் கண் அதிகமாக விழுகிற கம்பனிகள், இலாபத்தைக் குறைத்துக் காட்டும் கணக்கீட்டு முறையை விரும்பும் என்பது அவர்களது வாதங்களில் ஒன்று. அரசியல் செலவு என்று அதற்குப் பெயர். பரீட்சையில் எல்லாரும் அமெரிக்க எண்ணெய்க் கம்பனியை உதாரணம் எழுதுகிறோம். சம்பள நிர்ணய சபைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிற தோட்டக் கம்பனியை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

இதைச் சொல்வதால் கம்பனிகள் எல்லாம் பொய்க்கணக்கு எழுதுகின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போவது லேசு. தேயிலை விலையைக் கொழும்பு ஏலம் தீர்மானிக்கிறது, கம்பனி அல்ல. 2021 உரத் தடை விளைச்சலை அடித்தது உண்மை. இலாபம் என்று மேடையில் கத்துகிற நம்ம தொழிற்சங்கத் தலைவர்களும் சில வேளை தவறான வரியைப் படிக்கிறார்கள். மரம் இருக்கிறதே, டர்பன்டைன், யூகலிப்டஸ், அது இன்னமும் விவசாய நியமத்துக்குள் நியாயப் பெறுமதியில்தான் நிற்கிறது. மரம் வளர்ந்து பெறுமதி கூடினால் அது அந்த வருட இலாபத்துக்குள் வந்துவிடும். மரத்தை வெட்டி விற்கும் வரை காசு வராது. அந்த இலாபத்தைக் காட்டிச் சம்பளம் கேட்டால், கம்பனியின் கணக்காளர் ஒரே வரியில் மடக்கிவிடுவார். மறுபக்கம், “சம்பளம் கூட்டியதால் பணிக்கொடை ஏறி நட்டமாகிப் போச்சு” என்று கம்பனி சொன்னால், அந்த ஏற்றம் பொதுவாக இலாப நட்டத்துக்குள் போகாது, அதற்குக் கீழே ஏனைய முற்றடக்க வருமானத்தில்தான் போகும், காட்டுங்க பார்ப்போம் என்று கேட்க நம்ம பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கக்கூடிய பாடத்தைத்தான் நாம் பாடமாக்கிக்கொண்டு போய் எழுதிவிட்டு வருகிறோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் கணக்கு என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், தொழிலாளி எவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் துரை அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை எடுக்கலாம். கப்பல் செலவு, அரிசி, கங்காணி கொடுத்த முன்பணம் எல்லாம் சேர்ந்த கடன். கணக்கு எழுதுகிறவன் ஒருத்தன், கைநாட்டு வைக்கிறவன் இன்னொருத்தன். 1921இல்தான் துண்டு ஒழிந்தது. அதன் பிறகும் செக்ரோல் இருந்தது, இன்றும் இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர். மலையில் அதை எழுத நின்ற ஆளுக்குப் பெயரே கணக்கப்பிள்ளை. நம்ம ஊரில் கணக்கு என்பது மேலே இருந்து கீழே வருகிற ஒரு விஷயமாகவே இருந்தது. அவன் எழுதுவான், நாம கேட்டுக்கணும்.

துண்டில் தொழிலாளி கடன்காரன். இன்றைய ஐந்தொகையில் கடன்காரன் கம்பனி. நூறு வருடத்தில் பக்கம் மாறியிருக்கிறது. ஆனா துண்டு காலத்தில் காகிதத்தை வாசிக்கத் தெரியாமல் இருந்தோம் என்றால், இன்று வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தும் வாசிக்காமல் இருக்கிறோம். என் வருத்தம் அதுதான்.

“வேலைதானே முக்கியம்? சார்ட்டட் முடிச்சு கொழும்பில் ஒரு நல்ல ஃபேர்மில் உட்கார்ந்தா குடும்பம் தலையெடுக்கும். தோட்டக் கணக்கைப் பார்த்து என்ன செய்ய?” நியாயமான கேள்வி. லயத்தில் இருந்து ஒருத்தர் கேம்பஸ் போவதே எத்தனை பேருடைய கூலி என்று தெரியும். அவர்களிடம் போய்ப் புரட்சி பேச எனக்கு மனசில்லை. நான் கேட்பது வேலைக்கு எதிரானது அல்ல. எப்படியும் அந்தப் பாடத்துக்கு ஒரு அசைன்மென்ட் செய்யத்தான் வேண்டும். விமானக் கம்பனியின் குத்தகைக்குப் பதிலாக, 1992இல் அரசு தோட்டங்களை 53 வருடக் குத்தகைக்குக் கொடுத்ததே, 2045இல் முடியப்போகிறதே, அதை எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 16 எப்படிக் காட்டுகிறது என்று செய்யலாம். அதே மார்க்ஸ்தான் கிடைக்கும். நேர்முகத்தில் “நான் இதைச் செய்தேன்” என்று சொல்ல ஒரு சொந்த விஷயமும் கையில் இருக்கும்.

இன்னொரு தடை மொழி. உயர்தரம் வரை தமிழில் ‘பெறுமானத் தேய்வு’ என்று படித்த பிள்ளை, கேம்பஸில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் திரும்பப் படிக்கிறது. ஆண்டறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வருகின்றன. சர்வீஸ் பணத்துக்கு உரிய அம்மாவுக்கும் அது எழுதியிருக்கிற புத்தகத்துக்கும் நடுவில் ஒரு மொழி நிற்கிறது. அந்த நடுவில் நிற்கக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால், இந்தப் பாடத்தைப் படிக்கிற நாம மட்டும்தான். இரண்டு மொழியும் தெரியும், இரண்டு இடமும் தெரியும்.

ஆகவே பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் பட்டியலிட்ட தோட்டக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்க தோட்டம் எந்தக் கம்பனியின் கீழ் என்று வீட்டில் கேளுங்க. அறிக்கையை இறக்கி, முன்பக்கத்தில் சிரிக்கிற கொழுந்துக்கூடைப் படங்களைத் தாண்டி, கடைசிப் பக்கங்களுக்குப் போங்க. ஓய்வுகால நன்மைப் பொறுப்பு என்ற குறிப்பைத் தேடுங்க. எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை, எந்தக் கழிவு வீதம், வெளியே நிதி ஒதுக்கியிருக்கா இல்லையா என்ற நாலு விஷயத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதுங்க. கீழே அந்த 14 நாள் கணக்கையும் போட்டு, சேவை வருடத்தை நிரப்ப ஒரு கோடு விடுங்க. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஐம்பது பிரதி எடுத்துக்கொண்டு வாங்க.

அடுத்த வருடம் விலகப்போகிற யாராவது ஒருத்தர் அந்தக் கோட்டில் தன் வருடத்தை எழுதிப் பெருக்கிப் பார்ப்பார். கிளாக்கர் சொல்கிற தொகையோடு தன் தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பார். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேட்பார்.